இங்க் பேனா வெறும் பழைய ஞாபகமா?

கேள்வி (2023 மே 13, சனி)
"பத்து ரூபாய்க்குள் வாங்கும் ரீஃபில் பேனா மாதக்கணக்கில் எழுதுகிறது. கறை இல்லை, ஒழுகல் இல்லை, கழுவ வேண்டியதில்லை. இங்க் பேனா வைத்திருப்பவர்கள் பள்ளிக்கூட ஞாபகத்தைத்தான் சட்டைப்பையில் சொருகி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உண்மையான உபயோகம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

2023 மே 14, ஞாயிறு காலை
உபயோகம் இருக்கிறது. என் கையை வைத்தே சொல்கிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. பைண்டிங் பக்கத்துக் கணக்கு முழுக்க என் பொறுப்பு. ஒரு நாளைக்கு நாற்பது ஜாப் கார்டாவது எழுதுவேன், அதோடு பேரேடு. ரீஃபில் பேனாவில் எழுதிய காலத்தில் ராத்திரி சோறு பிசையும்போது கட்டைவிரல் அடியில் ஒரு குடைச்சல் இருக்கும். பழைய இங்க் பேனா ஒன்றைத் தூசி தட்டி எழுத ஆரம்பித்த மூன்றாவது வாரம் அந்தக் குடைச்சல் போய்விட்டது.

காரணம் எளிது. ரீஃபிலில் இருப்பது கெட்டியான எண்ணெய்ப் பசை. நுனியில் இருக்கும் குண்டு உருண்டால்தான் அது வெளியே வரும், குண்டு உருள வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். இங்க் பேனாவில் இருப்பது தண்ணீரில் கரைத்த சாயம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிப்பின் கீறலில் அது தானாகவே வந்து நிற்கும். தாளைத் தொட்டாலே போதும், அழுத்துகிற வேலை இல்லை.

ஞாபகமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தினமும் நாற்பது கார்டு எழுத ஞாபகம் மட்டும் போதாது.

2023 மே 14, இரவு
காலையில் விட்டுப்போன ஒன்று: அழுத்தாமல் எழுதும் பழக்கம் ஒரே நாளில் வராது. முதல் வாரம் கை பழைய பலத்தையே போடும். பேனாவை இன்னும் கொஞ்சம் படுக்க வைத்துப் பிடியுங்கள். கை தானாக இளகும்.

2023 மே 16, செவ்வாய்
எந்தப் பேனா வாங்குவது என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் தினமும் எழுதுவது எபனைட்டில் கடைந்த பேனா. திருவள்ளூர்ப் பக்கம் இன்னும் கையால் கடைகிறார்கள். எபனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியது. உள்ளங்கையில் வைத்து நாலு தரம் தேய்த்து முகர்ந்து பாருங்கள், மெலிதாகக் கந்தக வாடை வரும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். காலையில் முதலில் மூக்குக்குப் போவது காப்பி வாசனை, அடுத்தது இது.

பம்பு, கன்வெர்ட்டர் எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையைக் குழாய்க்குள் நேராக விட வேண்டியதுதான். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்திக்கொள்வேன். மரையில் கடுகளவு சிலிக்கோன் கிரீஸ் தடவிவிட்டுத் திருகுவேன். பள்ளிக்கூடத்தில் இதற்கு நூல் சுற்றுவோம். கடைசி அரைத் திருகில் மரை இறுகுவது விரலுக்கே தெரியும், அதற்குமேல் ஒரு இம்மி திருப்பக்கூடாது. பிறகு நிப்பைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணுவேன். மை நிப்புக்கு அடியிலுள்ள கட்டை வழியாக இறங்கி நிப்பின் கீறலில் ஒரு மெல்லிய நீலக் கோடாக வந்து நிற்கும். அன்றைய நாளை ஆரம்பிக்க எனக்கு அந்தக் கோடு வேண்டும்.

பேனா கடைவதில் நம் பக்கத்துக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. ஆந்திராவில் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்ய ஆரம்பித்தது 1930களில். அந்தப் பேனாவைக் காந்தியிடம் சேர்த்தவர் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்தவர். எழுதிப் பார்த்துவிட்டு, அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று காந்தி 1935இல் ரத்னத்துக்குக் கடிதம் போட்டார். காந்தி அதை முதலில் எழுதிப் பார்த்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

2023 மே 18, வியாழன்
"பேனா மை கக்குகிறது" என்று திருச்சித் தம்பி எழுதியிருக்கிறார். கத்திரி வெயிலில் கக்கத்தான் செய்யும். பேனா கெட்டுப்போகவில்லை தம்பி, உள்ளே காற்று அதிகமாகிவிட்டது.

மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று ஏறும். கைச் சூடு பட்டால் காற்று விரியும். உள்ளே 2 மில்லி காற்று இருக்கிறது, சூடு 10 டிகிரி ஏறுகிறது என்றால் சுமார் 0.07 மில்லி விரிவு. ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி. ஆக, ஒரு சொட்டு மையும் கொஞ்சமும் வெளியே வந்தே தீரும். குழாய் நிறைய மை இருந்தால் விரிவதற்குக் காற்றே கிடையாது.

அதனால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். சட்டைப்பையில் நிப்பு மேலே பார்க்க நிற்கட்டும். வெயிலில் வந்த உடனே மூடியைத் திறக்காதீர்கள்.

மை கீழே இறங்கும்போது அதே அளவு காற்று மேலே ஏற வழி வேண்டும், இல்லாவிட்டால் பேனா அடைத்துக்கொள்ளும், அல்லது கொட்டும். லூயிஸ் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் 1884இல் காப்புரிமை வாங்கியது கட்டையில் போட்ட மெல்லிய பள்ளங்களுக்குத்தான். நிப்பின் அடியில் கறுப்பாக இருக்கிறதே, அதுதான் கட்டை. பூதக்கண்ணாடியில் பாருங்கள், கோயில் தூணில் வரி போட்டதுபோல இருக்கும். பேனாவின் மூளை அதில்தான் இருக்கிறது. எல்லோரும் நிப்பைப் புகழ்கிறோம்.

2023 மே 21, ஞாயிறு
ஞாயிற்றுக்கிழமை பேனா கழுவும் நாள். ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு பழைய வேட்டித் துணி. கழுத்தோடு நிப்பை வெந்நீரில் போட்டுவிட்டுக் காப்பி குடித்து வந்தால் தண்ணீர் முழுக்க நீலம். அப்படியே மூன்று தண்ணீர். மூன்றாவதிலும் நீலம் கசிந்தால் நாலாவது. துணியில் நிமிர்த்தி வைத்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

அந்த நீலம் கசிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரும் அந்த நேரத்தில் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.

2023 மே 24, புதன்
மேலே வெந்நீர் என்று எழுதியது தப்பு. மதுரையிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. நான் உண்மையில் போடுவது கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், எழுதும்போது சொல் மாறிவிட்டது. நல்ல சூடு பட்டால் எபனைட் மினுமினுப்புப் போய்ப் பழுப்பும் பச்சையுமாக வெளிறிவிடும். வெயிலில் காயவைத்தாலும் அதே கதி. என் தாத்தா பேனாவின் மூடி அப்படித்தான் பாசி நிறத்துக்கு வந்தது. நிழலிலேயே காயட்டும்.

2023 ஜூன் 4, ஞாயிறு
கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். "சரி, வாங்கலாம் என்று இருக்கிறேன். தங்க நிப்பு வேண்டுமா?"

வேண்டாம். தாளைத் தொடுவது தங்கமே இல்லை. நிப்பின் நுனியில் குண்டூசித் தலையிலும் சிறியதாக ஒரு மணி ஒட்டியிருக்கும். இரிடியம் என்று கடையில் சொல்வார்கள், பெரும்பாலும் அது ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் மாதிரியான கடின உலோகங்களின் கலவை. எஃகு நிப்பிலும் அதே வகை மணிதான். மணியை ஒழுங்காகத் தேய்த்து, கீறலின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றால் எஃகே வழுக்கிக்கொண்டு போகும்.

தங்கம் வந்ததே வேறு காரணத்துக்கு. அந்தக் காலத்து மையில் அமிலம் இருந்தது, எஃகை அரித்துவிடும், தங்கத்தை அரிக்காது. இன்றைய சாதாரண நீல மைக்கு அந்தப் பயம் இல்லை.

வாங்கும்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: நிப்பின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் நேருக்கு நேர் பாருங்கள். இரண்டு பாதியும் அக்கம்பக்கமாகச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தால் தாளைக் கீறும். எனக்கு ஒரு முறை அதிக விலை கொடுத்து வாங்கிய பேனாவே அப்படி வந்தது. விலையைப் பார்த்து நம்பிவிட்டேன், நுனியைப் பார்க்கவில்லை.

2023 ஜூன் 10, சனி
ஒரு விஷயத்தில் முதல் குறிப்பிலிருந்து இறங்கி வருகிறேன். எங்கள் அச்சகத்திலேயே பில் புத்தகம் அடிக்கிறோம், மூன்று பிரதி, நடுவில் கார்பன் தாள். அங்கே இங்க் பேனாவுக்கு வேலையே இல்லை. அழுத்தினால்தான் மூன்றாவது தாளில் எழுத்து விழும், நிப்பை அழுத்தினால் வாய் பிளந்துவிடும். லாரி ஷெட்டில் நின்றுகொண்டே எழுதுபவருக்கும், மழையில் தபால் கொடுப்பவருக்கும் ரீஃபில் பேனாதான் சரி. லஸ்லோ பிரோ 1938இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். பத்திரிகைக்காரர், அச்சகத்து மை சீக்கிரம் காய்வதைப் பார்த்து அந்த யோசனைக்கு வந்தவர். அச்சகத்துக்காரனாக அவர்மேல் எனக்கு மரியாதைதான்.

என் மேஜையில் இரண்டும் இருக்கின்றன. கேள்வியில் இருந்த "எதற்கு" என்பதற்கு என் பதில் இப்போது இதுதான்: உட்கார்ந்து, ஒரு தாளில், நிறைய எழுதுகிறவருக்கு.

2023 ஜூன் 25, ஞாயிறு
மை சொந்தமாகச் செய்யலாமா என்ற பேச்சு எங்கோ ஆரம்பித்து இங்கே வந்துவிட்டது. செய்திருக்கிறேன். பலனைச் சொல்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் (ஒரு இரும்பு உப்பு) வாங்கினேன். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து இரண்டு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தேன். வேட்டித் துணியில் வடிகட்டினால் தேநீர் நிறத்தில் ஒரு சாறு. அன்னபேதியை வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றிய நொடியில் சாறு இருண்டது. எத்தனை தரம் செய்தாலும் அந்த நொடி சலிக்காது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. கொஞ்சம் கருவேலம் பிசின் சேர்த்தேன், எழுத்து ஓடாமல் நிற்க.

தொட்டு எழுதும் பேனாவில் எழுதினால் முதலில் சாம்பல் நிறம். கண்ணெதிரே மெல்ல மெல்லக் கறுக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் நல்ல கறுப்பு. தண்ணீர் பட்டாலும் போகவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆசையில் எஃகு நிப்புப் பேனாவில் ஊற்றி இரண்டு வாரம் விட்டுவிட்டேன். திறந்து பார்த்தால் கட்டைக்குள் மண்டி, நிப்பின் அடியில் துரு. ஜூன் 4 குறிப்பில் அமிலம் அரிக்கும் என்று எழுதினேனே, அது புத்தகத்தில் படித்ததில்லை, இப்படித் தெரிந்துகொண்டது. நல்ல பேனா அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கடுக்காய் மை வேண்டுமென்றால் தொட்டு எழுதுங்கள், பேனாவுக்குள் ஊற்றாதீர்கள்.

2023 ஜூலை 9, ஞாயிறு
தாளைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "என் பேனா சரியில்லை" என்று வரும் புகாரில் பாதி தாளின் புகார்.

மை வேர்விட்டதுபோலப் பரவுகிறதென்றால் அந்தத் தாளில் பசைப்பூச்சு குறைவு. தாளின் நார்களுக்கு நடுவே மை நடக்கிறது, பூச்சு அதை மறிக்கிறது. கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ சிலது, அதைவிடக் கனமான தாளைக்காட்டிலும் நன்றாக நிற்கும். கரும்புச் சக்கையில் செய்த தாளிலேயே எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

சோதிக்க எளிய வழி: நிப்பைத் தாளில் வைத்து, அசையாமல், ஐந்து எண்ணுங்கள். எடுத்ததும் புள்ளியின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வட்டமாக நின்றால் வாங்கலாம். பூரான் கால் மாதிரி கிளம்பியிருந்தால் வேண்டாம். தாளைத் திருப்பி மறுபக்கமும் பாருங்கள்.

2023 ஜூலை 12, புதன்
இடதுகைக்காரர் ஒருவர் கேட்டதற்கு: என் தங்கை மகள் இடதுகை. எழுதிய வரிமேலேயே கை ஊர்ந்து மை தேயும். தாளை வலப்பக்கம் சாய்த்து, வரிக்குக் கீழே கை இருக்கும்படி பழகிக்கொண்டாள். மெல்லிய நிப்பு, சீக்கிரம் காயும் மை. இப்போது என்னைவிட அழகாக எழுதுகிறாள்.

2023 ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப்பெருக்கு
இன்று எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பம் வெளியிடும் நாள். அடுத்த வருஷத்து முருகனும் லட்சுமியும் இன்றைக்கே வந்துவிட்டார்கள்.

அதனால் என் காலைச் சடங்கைச் சொல்கிறேன். எழுந்ததும் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பேன். கிழித்ததை எறியமாட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பாதி சொருகி, பின்பக்க வெள்ளையில் அன்றைக்குச் செய்ய வேண்டியதை எழுதுவேன். கரண்ட் பில், அம்மாவுக்கு மாத்திரை, பைண்டிங்குக்குக் கோந்து, இப்படி ஐந்தாறு வரி. அதற்குமேல் இடம் இருக்காது, அது நல்லதுதான். ராத்திரி அடித்துவிட்டதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பியில் குத்தி வைப்பேன். வருஷக் கடைசியில் அந்தக் கம்பி ஒரு டைரி.

மெல்லிய தாள், ஜூலை 9இல் சொன்ன சோதனையில் கண்டிப்பாகத் தோற்கும். மை கொஞ்சம் பரவத்தான் செய்கிறது. மெல்லிய நிப்பை வைத்து, நிறுத்தாமல், வேகமாக எழுதினால் பரவ நேரம் கிடைக்காது. தாளுக்கு ஏற்ற வேகம் என்று ஒன்று உண்டு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் தாள்தான்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு
காரைக்குடி அக்கா பாக்குவெட்டியைப் பற்றி எழுதியதும் பேச்சு பேனாவை விட்டு எங்கோ போய்விட்டது. போகட்டும், எனக்கும் சொல்ல இருக்கிறது.

எங்கள் அப்பத்தாவின் பாக்குவெட்டி என்னிடம்தான் இருக்கிறது. இரும்பு, பித்தளைப் பிடி, பிடியின் நுனியில் ஒரு கிளி மூக்கு. அப்பத்தா தலைக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும் விரலில் மிச்சமிருக்கும் எண்ணெயைப் பாக்குவெட்டியின் ஆணியில் தடவிவிடும். தினமும். அதற்காகத் தனியாக எண்ணெய் எடுத்ததை நான் பார்த்ததே இல்லை. அந்த மூட்டு இன்றைக்கும் ஒரு விரலால் திறக்கிறது, ஆட்டம் துளியும் இல்லை. கொட்டைப்பாக்கைச் சீவினால் சீவல் தாள் மாதிரி சுருண்டு விழும். நான் வெற்றிலை போடுவதில்லை. மாதம் ஒரு தரம் எடுத்து, என் தலை எண்ணெயையே தடவி வைக்கிறேன்.

பேனாவின் மரையில் கிரீஸ் தடவும்போது எனக்கு அப்பத்தா விரல்தான் நினைவுக்கு வருகிறது. அக்கா எழுதிய பிறகுதான் இது எனக்கே புரிந்தது.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு
தாத்தாவின் கணக்கு நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து, லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழிப்போடு. சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு பக்கத்தை அப்படியே பார்த்து எழுதினேன். ரீஃபில் பேனாவில் தும்பிக்கையின் வளைவில் கை நின்று நின்று போனது. இங்க் பேனாவில் ஒரே இழுப்பு. தாத்தா அந்தச் சுழிப்பை எங்கே ஆரம்பித்து எங்கே விட்டார் என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. மை தடித்திருக்கும் இடத்தில் அவர் கை நிதானித்திருக்கிறது, மெலிந்த இடத்தில் ஓடியிருக்கிறது. "வெல்லம் 2 வீசை" என்ற ஒரு வரியை நிதானமாக எழுதியிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் என்ன விசேஷமோ.

கருவி மாறினால் எழுத்தும் மாறும் என்பது நமக்குப் புதிதில்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளி வைக்காமலே எழுதினார்கள். சுவடி படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை ஊகித்துத்தான் படிக்கிறார்கள்.

2023 அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூசை
அச்சகத்தில் பூசை முடிந்தது. ஆஃப்செட் மிஷினுக்கு மாலை, கட்டிங் மிஷின் கத்திக்குச் சந்தனம் குங்குமம், பைண்டிங் ஊசிகள் ஒரு தட்டில். என் பேனாவையும் பேரேட்டின்மேல் வைத்தேன். மூடியில் மட்டும் பொட்டு, மரையில் சந்தனம் போனால் பிறகு எடுக்க முடியாது. கத்தி பிடிக்கும் பெரியவர் தன் கத்தியைத் தானேதான் துடைப்பார், மற்றவரைத் தொட விடமாட்டார். இன்றைக்கு என் பேனாவைக் கையில் வாங்கி, நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். கத்தியின் ஓரத்தையும் அவர் அப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

நாளைக்கு மறுபூசை முடிகிறவரை எழுதக்கூடாது. இன்றைய தினசரித் தாளின் பின்பக்கம் காலியாகவே இருக்கிறது.

2023 அக்டோபர் 29, ஞாயிறு
கேள்வி கேட்டவர் பேனா வாங்கிவிட்டார், எஃகு நிப்பு. "ஒவ்வொரு எழுத்தின் முதல் இழுப்பும் விழவில்லை, அப்புறம் எழுதுகிறது" என்கிறார். தயாரிக்கும்போது பட்ட எண்ணெய் உள்ளே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு நிப்பையும் கட்டையையும் பத்து நிமிஷம் ஊறவையுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நாலு தரம். அதற்கும் சரியாகவில்லையென்றால் நுனியின் படம் ஒன்று போடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், நேருக்கு நேர்.